ஆந்தையின் வயிற்று விளக்கு

அந்த ஆந்தை பொம்மையைக் கத்தரியால் வெட்டியிருக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. முதுகில் மறைதையல்தான் போட்டிருக்கிறேன். முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்திருந்தால் அழகாகப் பிரிந்திருக்கும். இப்போது மேசை முழுக்கப் பஞ்சு. போகட்டும், கேளுங்கள், சொல்கிறேன்.

மேடை நடனத்துக்கு விளக்கு வைத்த உடை தைப்பது என் தொழில். துணிக்குள் பொடிப்பொடி விளக்குகள், நகத்தளவு சிப், மின்சாரம் ஓடும் நூல். எது எப்போது எரிய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதிச் சிப்பில் ஏற்றிவிடுவேன். சின்னப் பிள்ளைகள் ஆடும்போது ஒரு ஏற்பாடு உண்டு. முன்னால் ஆடுபவளின் முதுகில் மஞ்சள் எரிந்தால் கிட்டே வர வேண்டும், சிவப்பு மின்னினால் விலக வேண்டும். சில ஒத்திகைகளில் பழகிவிடுவார்கள். அப்புறம் யோசிக்கவே மாட்டார்கள்.

என் தங்கை வேலைக்குப் போகும்போது மகளை என்னிடம் விட்டுச் செல்வாள். மூன்று வயதுக் குழந்தை. "பெரிம்மா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டால் எனக்கு உலகமே மறந்துவிடும். திடீரென்று தங்கைக்கு வேறு ஊருக்கு மாற்றல் என்று பேச்சு வந்தது. "பாப்பாவையும் கூட்டிட்டுப் போயிடறோம்க்கா. உனக்கும் ஓய்வு கிடைக்கும்" என்றாள். நான் ஓய்வு கேட்டேனா?

அந்த வாரம்தான் ஆந்தையைத் தைத்தேன். மிச்சத் துணி, நல்ல பஞ்சு. 'குண்டு' என்று குழந்தையே பெயர் வைத்தாள். என் போன் பக்கத்தில் இருந்தால் வயிற்றில் மஞ்சள் மெதுவாக மலரும். தங்கையின் போன் வந்தால் சிவப்பு படபடக்கும். அவ்வளவுதான் ஐயா, மொத்தம் ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பேன். குழந்தையிடம் நான் சொன்னதும் ஒரே ஒரு வாக்கியம். "சிவப்பு எரிஞ்சா குண்டு பயப்படுதுன்னு அர்த்தம்." மற்றதெல்லாம் அவளாகப் புரிந்துகொண்டது. கெட்டிக்காரக் குழந்தை.

குண்டு இல்லாமல் தூங்க மாட்டாள் என்பதால் வீட்டுக்கும் எடுத்துப் போனாள். நாளடைவில், அம்மா தூக்க வந்தாலே மேசைக்கடியில் நுழைந்துகொள்ள ஆரம்பித்தாள். ஆந்தையை நெஞ்சோடு அணைத்தபடி, "பயப்படாத குண்டு, அம்மா இப்பப் போயிடுவாங்க" என்று அதற்குச் சமாதானம் சொல்வாள். அதைக் கேட்டு எனக்கே கண் கலங்கியது. நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

தங்கை என்னென்னவோ செய்து பார்த்தாள். சோப்பை மாற்றினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தட்டுத் தடுமாறி, சிரித்துக்கொண்டே வந்தாள். "எங்கிட்ட என்னக்கா தப்பு? எம் பொண்ணு ஏன் என்னைப் பாத்தாலே நடுங்குறா?" என்று என் மடியில் விழுந்து அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். மனநல மருத்துவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். மாத்திரையை வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்ததும் நான்தான். இதையெல்லாம் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கடைசியில் அவளே கேட்டாள்: "அக்கா, பாப்பா உங்கிட்டயே இருக்கட்டுமா? நான் இல்லாம இருந்தாத்தான் அவளுக்கு நல்லதோ என்னவோ." நான் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

விடைபெற வந்த அன்று தங்கை கையில் புதுப் போன். பழையது கீழே விழுந்து திரை நொறுங்கிவிட்டதாம். எனக்குத் தெரியாது. அவள் வாசலிலேயே தயங்கி நின்றாள். குழந்தை ஆந்தையின் வயிற்றைப் பார்த்தாள். மஞ்சள். இன்னொரு முறை பார்த்துவிட்டு, "அம்மா, குண்டுக்குப் பயம் போயிடுச்சு!" என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலேயே பெட்டியோடு அவள் கணவர் வந்தார். திரை உடைந்த பழைய போன், இன்னும் அணையாமல், அவர் சட்டைப்பையில். ஆந்தை சிவந்தது. அவர் போனை வெளியே எடுத்து ஆந்தையின் பக்கத்தில் வைத்தார், தூரமாக எடுத்துப் போனார், மறுபடி வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். விவரமான ஆள்.

ஆமாம் ஐயா, நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்து போட வேண்டும்? ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அன்று குழந்தை தன் அம்மாவிடம் ஓடியது வெறும் விளக்கைப் பார்த்துத்தான். என்னிடம் வந்ததெல்லாம் பாசத்தால்.