கஸ்பார் முங்குற காட்சி

உச்சி வெயில் நேரம். கீழவைப்பார்ல இருந்து வார உப்பளத்து ரோடு... ஒரு காக்கா குருவி கெடையாது. நம்ம கூட்டாளி சத்தியராஜோட சித்தப்பா ஜேசுபாதம், பஞ்சரான சைக்கிள உருட்டிக்கிட்டு வாராரு.

மனுசன் ஹார்பர்ல கிளார்க்கு. ஆனா உசுரு பூரா நாடகத்துலதான். வருசக்கணக்கா எழுதுனாரு, கோயில் திருநாளுக்குத் திருநாள் போட்டாரு. ஒண்ணும் எடுபடல. சனம் பாதியில எந்திச்சுப் போயிரும்.

பொறவு திரேஸ்புரத்துல ஒரு சாவு வீட்டுக்குப் போனாரு. கடைசியா நடந்த முத்துக்குளிப்புல முங்குன கஸ்பார், மேல வரல. பொணமும் கெடைக்கல. அவன் பொண்டாட்டி செபஸ்தியம்மாள் ஒப்பாரி வச்சா. இவரு மூலையில உக்காந்து, சொல்லு விடாம மனசுல ஏத்திக்கிட்டாரு.

அதுதான் நாடகமாச்சு. பேரக்கூட மாத்தல. கஸ்பார் மூச்சுமுட்டிச் சாவுற காட்சியில சனம் மாரடிச்சு அழுதுச்சு. கடக்கரை பூரா ஜேசுபாதம் பேருதான்.

ஒருநா செபஸ்தியம்மாள் வாசல்ல வந்து நின்னா.

"அண்ணாச்சி, அவிய ஒரு தரம் செத்தது பத்தாதா? ஊர் ஊரா வச்சுக் கொல்லுதியளே..."

"அந்தக் காட்சி இல்லன்னா நாடகமே இல்லம்மா." கதவச் சாத்திட்டாரு.

அந்த உப்பளத்து ரோட்டுல... பின்னால சத்தம். சளப்... சளப்... ஈரக்காலு. குப்புன்னு அழுகுன கடப்பாசி வாடை. திரும்புனா, கோவணத்தோட ஒருத்தன். ஒடம்பு பூரா தண்ணி சொட்டுது. அம்புட்டு வெயில்லயும்... ரோட்டுல விழுந்த சொட்டு காயல.

"அண்ணாச்சி, இன்னைக்கும் நாடகம் உண்டா?"

"உண்டு... சாத்தான்குளத்துல."

"இன்னைக்கும் நான் சாவணுமா?"

சைக்கிளப் போட்டுட்டு ஓடுனவருதான். சாயங்காலம் சாத்தான்குளத்துல, கஸ்பார் வேசம் கட்டுற ராமர் கையப் பிடிச்சாரு. "ஏலே, இன்னைக்கு முங்க வேண்டாம். படகு கரைக்கு வார மாதிரி முடிச்சிரு."

ராமர் தலையாட்டுனான். ஆனா அந்த எடம் வந்ததும் சனம் விடல. "முங்கு! முங்கு!"ன்னு ஒரே கூச்சல், விசில். ராமர் திரையோரமாத் திரும்பி ஜேசுபாதத்தப் பாத்தான். வேண்டாம்னு ஒரு சொல்லு... சொல்லிருக்கலாம். அவரு சனத்தப் பாத்தாரு. எம்புட்டுக் கூட்டம்! வாயத் தொறக்கல.

ராமர் மூக்கப் பிடிச்சு, சொட்டுத் தண்ணியில்லாத மேடையில முங்குனான். கையும் காலும் ஒதறுது, கண்ணு பிதுங்குது. அப்படி ஒரு நடிப்ப எவனும் பாத்ததில்ல. கைதட்டு அடங்கவே இல்ல...

அவன் எந்திக்கல.

பெரட்டிப் போட்டா, வாயில மூக்குல உப்புத்தண்ணி கொடகொடன்னு கொட்டுது. சாத்தான்குளம்ல அது! சுத்தி செம்மண் தேரி மேடு. கடல் எங்கன கெடக்கு!

ஜேசுபாதம் அதுக்குப் பொறவு ஒரு வரி எழுதல.

அன்னைக்கு ராமரோட வலது கை மட்டும் இறுக்கி மூடியிருந்துச்சு. நாலு பேரு சேந்து வெரலப் பிரிச்சாவ. உள்ள ஒரு முத்துச்சிப்பி. மேல படிஞ்ச பாசி கூட காயல. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் பட்டதும்...

சிப்பி மெதுவா வாய மூடிச்சு.