என் தங்கை மகளைக் கப்பல் ஏறவிடாமல் நிறுத்தியது பற்றி

பெயர்: தாமி ஷன்தூஃப். தகப்பனார் பெயர்: மர்ஹூம் (காலஞ்சென்ற) அல்அர்பி ஷன்தூஃப். வயது: நாற்பத்தேழு. தொழில்: மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம். முகவரி: லராஷ் நகரம், பழைய சந்தைக்குப் பின்னால். டான்ஜியர் துறைமுகக் காவல் அலுவலகத்தில் இன்று சனிக்கிழமை விசாரித்தபோது, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாகச் சொல்வது.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி ரகியாவுடனும் மூன்று ஆண் பிள்ளைகளுடனும் குடியிருந்து வருகிறேன். எனக்கு உடன்பிறந்தவள் ஒருத்திதான், பெயர் நெஸ்ஹா. அவள் ஸ்பெயின் நாட்டில் பில்பாவோ என்ற ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸாக வேலை பார்த்து வந்தாள். அங்கே இட்சியார் என்ற அந்த ஊர்ப் பெண்ணுடன் ஒரே வீட்டில் இருந்தாள். இட்சியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டில் அவரை நெஸ்ஹாவின் தோழி என்று சொல்வோம். வருஷக்கணக்காக அப்படியே சொல்லி வந்தோம். நான் அதற்கு மேல் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் காரணம்.

ஆறு வருடம் முன்பு அவர்கள் இருவரும் ஒரு கைக்குழந்தையுடன் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தார்கள். பில்பாவோ கோர்ட் மூலம் தத்தெடுத்த பெண் குழந்தை, பெயர் நோரா என்று நெஸ்ஹா சொன்னாள். அதன் பிறகு ஒவ்வொரு கோடைக்கும் மூன்று பேராக வருவார்கள். குழந்தை என் தங்கையை யெம்மா என்றும், இட்சியாரை அமா என்றும், என்னை மாமா என்றும் கூப்பிடும். அமா என்றால் அவர்கள் மொழியில் என்ன என்று நான் கேட்கவில்லை. காது கேட்கிறவனுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கோடையில் வந்த இடத்தில், முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது நெஸ்ஹா தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மறுநாள் எங்கள் தகப்பனாருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். இட்சியாரைக் கபரஸ்தானுக்குள் விடவில்லை. அவர் வெளியே சுவர் ஓரமாக நோராவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அன்று நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். என் பெரியப்பா மகன் அப்துஸ்ஸலாம் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "தங்கச்சியத்தான் மண்ணுக்குக் குடுத்துட்டே. பிள்ளையையும் அன்னியக்காரி கையில குடுத்துட்டு ஐஸ் உடைக்கப் போவியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. இட்சியார் இருக்கும்போதே, "நோரா இனி இங்கதான். தாய்மாமன் நான் உயிரோட இருக்கேன்" என்று சொன்னேன். இட்சியார் எழுந்து போய்ப் பிள்ளைக்குத் தலை வாரினார்.

இன்று காலை நான் துறைமுகத்திலிருந்து வந்து பார்த்தபோது இருவரையும் காணவில்லை. ரகியாவைக் கேட்டேன். "போயிட்டாங்க. நாந்தான் டாக்ஸி ஏத்திவிட்டேன். உங்க முகத்தைப் பாத்து விடைபெற யாருக்குத் தைரியம் வரும்?" என்றாள். எனக்குக் கண் மண் தெரியாத கோபம் வந்தது. ஐஸ் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரகியா கேட்காமலே ஏறி உட்கார்ந்தாள். வழி நெடுக என்னை ஏசிக்கொண்டே வந்தாள், அதை எழுத வேண்டாம். இங்கே வந்ததும், என் தங்கை மகளை ஓர் அன்னியப் பெண் கடத்திக்கொண்டு போகிறாள் என்று புகார் கொடுத்தேன். அக்கரையில் ஸ்பெயினின் தரிஃபாவுக்குப் போகும் கப்பலுக்கான வரிசையில் நின்றிருந்த இருவரையும் போலீஸார் இந்த அறைக்கு அழைத்து வந்தார்கள். நோரா என்னைக் கண்டதும் நான் வழியனுப்ப வந்திருப்பதாக நினைத்து ஓடி வந்தது.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் அவர்கள் இட்சியாரிடம் பேப்பர்களைக் கேட்டார். அவர் பாஸ்போர்ட்டுகளையும் கோர்ட் தீர்ப்பையும் கொடுத்தார். தீர்ப்பில் தாய் என்று இரண்டு பேர் பெயர் இருந்தது. இன்ஸ்பெக்டர் அவர்கள் தகப்பன் பெயரைத் தேடித் தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபடியும் திருப்பினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது அவங்க ஊர்ச் சமாச்சாரம்" என்று மூடி வைத்தார்.

நான், அப்படியானால் இந்தம்மா தாய் இல்லை என்றுதானே ஆகிறது, பிள்ளையை என்னிடம் கொடுங்கள் என்றேன். அதற்கு இன்ஸ்பெக்டர் அவர்கள், நம் நாட்டுச் சட்டத்தில் தத்து என்பதே செல்லாது, யதீம், அதாவது அநாதைப் பிள்ளையை வளர்க்கலாம், பிள்ளையாக்கிக்கொள்ள முடியாது என்றார். "இந்தம்மா தாய் இல்லன்னா உன் தங்கச்சியும் தாய் இல்ல. அவ தாய் இல்லன்னா நீ எப்படி தாய்மாமன்?" என்று கேட்டார். பெருநாளுக்குப் பெருநாள் அந்தப் பிள்ளைக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தவன் நான். அதைச் சொன்னேன். சட்டை எடுத்துக் கொடுப்பது உறவு ஆகாது என்றார்.

இட்சியார் எங்கள் மொழி பேசுவார், கொஞ்சம் கொச்சையாக. அவர் சொன்னது: "அண்ணே, நெஸ்ஹாவுக்கு ரோம்ல பெரிய ஆஸ்பத்திரில வேலை வந்துச்சு. போகல. அங்க போனா எங்க ரெண்டு பேர்ல ஒருத்தி தாயா இருக்கறதுக்கே வழக்கு நடத்தணும்னு வக்கீல் சொன்னாரு. துபாய்லயும் கூப்பிட்டாங்க. அங்க வாயே திறக்கக் கூடாது. ஊர் ஊரா கணக்குப் பாத்து, கடைசில லீவுக்குக்கூட ஒரே இடத்துக்குத்தான் வந்தோம். உங்க வீட்டுக்கு."

இது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரு நாட்டில் இரண்டு தாய், இன்னொரு நாட்டில் ஒன்றோ ஒன்றரையோ, இங்கே ஒன்றும் இல்லை. நடுவில் இருப்பது ஒரு சின்னக் கடல், நல்ல வெயிலில் அக்கரை வீடுகள் தெரியும். பிள்ளை என்னவோ எல்லாக் கரையிலும் அதே பிள்ளைதான், முன்பல் விழுந்த அதே வாய். அந்தத் தண்ணீரில் எந்த இடத்தில் இந்தம்மா தாயாக இருப்பது நின்று போகிறது என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் அவர்கள், குறுக்குக் கேள்வி கேட்க வேண்டாம் என்றார்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் அவர்கள் சொன்னதாவது: புகார் பதிவாகிவிட்டது. இந்த நாட்டில் பிள்ளைக்கு உறவு என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவர்களுடைய தூதரகத்துக்குத் தகவல் போகும், ஆனால் விடுமுறை. அரசு வக்கீல் உத்தரவு வரும் வரை பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில்தான் விட வேண்டும். புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்று உடனே சொன்னேன். யார் என்ற முறையில் வாபஸ் வாங்குகிறாய் என்று கேட்டார். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போக வந்தவன் இல்லத்தில் தள்ளிவிட்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது கதவோரம் நின்றிருந்த என் மனைவி ரகியா முன்னால் வந்து, "உறவு இல்லன்னு யார் சொன்னது? இந்தப் பிள்ளைக்கு நான் பால் குடுத்திருக்கேன்" என்றாள்.

விசாரித்ததில், அவர்கள் முதன்முதலாக வந்த கோடையில் குழந்தை புட்டிப் பாலைத் துப்பிவிட்டு அழுதுகொண்டே இருந்ததாகவும், எங்கள் கடைசி மகன் இல்யாஸ் அப்போது பால்குடியாக இருந்ததால் நெஸ்ஹாவே குழந்தையை ரகியாவின் மடியில் போட்டதாகவும், அவர்கள் ஊருக்குத் திரும்பும் வரை கொடுத்து வந்ததாகவும் சொன்னாள். நெஸ்ஹா அப்போது, "எம் பிள்ளைக்கு இந்த வீட்ல ஒரு உறவு இருக்கட்டும் மதினி. பேப்பர் கேக்காத உறவா இருக்கட்டும்" என்று சொன்னாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "தெருவுக்கே தெரியும். ஒரே பால் குடிச்சா அண்ணன் தங்கச்சி, நாளைக்கு இல்யாஸுக்கும் அவளுக்கும் கல்யாணப் பேச்சு வந்துடக் கூடாதுன்னு சொல்லித்தானே ஆகணும். உங்க காதுலதான் ஐஸ் அடைச்சிருக்கு" என்றாள். அறையில் இருந்த பெண் போலீஸ் சிரித்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அவர்கள் முகம் தெளிந்தது. ரகியா பால் கொடுத்த தாய், ஆகவே நான் பால் வழியில் தகப்பன், இது மார்க்கத்தில் உள்ள உறவு, எழுதலாம் என்றார். இதனால் வளர்க்கும் உரிமை வராது, ஆனால் இல்லத்துக்கு அனுப்புவதற்குப் பதில் உங்கள் வீட்டுக்கு அனுப்ப எனக்கு ஒரு காரணம் கிடைக்கிறது, கேஸ் முடிய மாதங்கள் ஆகும், சம்மதமா என்று கேட்டார்.

உண்மையைச் சொல்வதென்றால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. நெஸ்ஹா சிரிக்கும்போது கையால் வாயை மூடுவாள், இந்தப் பிள்ளையும் அப்படியே மூடும். அந்தக் கை என் வீட்டில் இருக்கும் என்று நினைத்தேன். சம்மதம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அந்த நேரம் நோரா, "அமா, ஒண்ணுக்கு வருது" என்றது. பெண் போலீஸ், பிள்ளையை யார் கூட்டிப் போவது என்று கேட்டார். ரகியாவும் எழுந்தாள், நானும் எழுந்தேன். பிள்ளை எங்கள் இருவரையும் தாண்டி இட்சியார் முன்னால் போய்க் காலை இறுக்கிக்கொண்டு நின்றது. இட்சியார் எழுந்திருக்கவில்லை. அறையை விட்டுப் பிள்ளையுடன் வெளியே போகக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அவர் இன்ஸ்பெக்டர் அவர்களின் முகத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அவர்கள் என் முகத்தைப் பார்த்தார். பிள்ளை, "அமா, வா" என்று கையைப் பிடித்து இழுத்தது. அதற்குள் பாவாடை நனைந்துவிட்டது.

ஆறு வருடம் அந்தப் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டவர் இன்று அதற்கு என்னுடைய அனுமதிக்காக உட்கார்ந்திருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. என் தங்கை இறந்த அன்று எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. இட்சியார் தன் கழுத்துத் துணியை அவிழ்த்துத் தரையில் மண்டியிட்டுப் பிள்ளையின் காலைத் துடைத்தார். "பரவாயில்லடா, பரவாயில்ல" என்று எங்கள் மொழியிலேயே சொன்னார். நெஸ்ஹா சொல்லும் அதே மாதிரி.

ஆகவே நான் சம்மதம் இல்லை என்று சொன்னேன். பால் வழியில் தகப்பன் என்ற முறையில் புகாரை வாபஸ் பெறுகிறேன். பிள்ளையை இட்சியார் கூட்டிப் போவதில் எனக்கும் என் மனைவிக்கும் ஆட்சேபம் இல்லை. காலைக் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலில் ஏற அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் இப்போது வெளியே பெஞ்சில் இருக்கிறார்கள். ரகியா மாற்றுப் பாவாடை வாங்கப் போயிருக்கிறாள்.

இவ்வளவும் எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில், மேற்படி அன்னியப் பெண் என்று இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். அது நீ புகாரில் சொன்ன வார்த்தைதானே என்றார்கள். ஆம், என் வார்த்தைதான், அடியுங்கள் என்றேன். வேறென்ன போடுவது என்று எழுத்தர் கேட்டார். தாய் என்று போடச் சொன்னேன். சட்டத்தில் அப்படி இல்லை என்றார். சட்டத்தில் இருப்பதைச் சொல்ல என்னை உட்கார வைக்கவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்லத்தான் உட்கார வைத்தீர்கள், பார்த்ததைச் சொல்கிறேன் என்றேன். எழுத்தர் இன்ஸ்பெக்டர் அவர்களைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுத்தர் எழுதினார்.

மேலே சொன்னவை அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை. இதில் எனக்கு விளங்காதது நிறைய இருக்கிறது. அதுவும் உண்மை. படிக்கக் கேட்டு, ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
தாமி ஷன்தூஃப்