சொலாஞ்ச் சொன்ன சொல்

நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்தால் உங்கள் முகத்தில் பாதிதான் தெரிகிறது. பழக்கதோஷம், மன்னிக்கவும். யார் வந்தாலும் நான் முதலில் வெளிச்சத்தைத்தான் பார்க்கிறேன்.

நடிகன் ரெமி லஸ்கோவைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறீர்கள். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் அவனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். காஸ்பார் வெர்னுவா என்று ஒருவன், அதாவது நான், பத்துப் படங்கள் இயக்கினான் என்பது அவர்களுக்கு வீட்டு எண் மாதிரி. வாசலைக் கண்டுபிடிக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

அவனைக் கண்டெடுத்தவன் நான். பாரிஸில் லே ஆல் சந்தை அப்போது இடிக்கப்படவில்லை. இறைச்சிக் கூடத்தின் வாசலில் அரை மாட்டைத் தோளில் சுமந்துகொண்டு ஒருவன் எதிரே வந்தான். நான் நகராமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வழிய விடுங்க முசியே. மாடு செத்தாச்சு, நான் இன்னும் சாகல."

"என் படத்துல நடிக்கிறியா? வசனம் கிடையாது. எனக்கு உன் முகம் மட்டும் வேணும்."

"மொகத்த மட்டும் கழட்டிக் குடுக்க முடியாதே. முழுசா வந்தா பரவால்லயா?"

முழுசாகத்தான் வந்தான். முதல் படத்தில் முகம் மட்டும் இருந்தான், அடுத்ததில் பேசினான். நாலாவது படத்தில் ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்று, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்: "முதலாளி, கேமரா இங்க இருந்தா நான் அழுறது தெரியும். அந்த மூலையில இருந்தா கதாநாயகி அழாம இருக்கறது தெரியும். நமக்கு எது வேணும்?"

நான் கேமராவை அந்த மூலைக்கு நகர்த்தச் சொன்னேன். அந்த ஒரு காட்சிக்காக என்னை மேதை என்று எழுதினார்கள். அதை எழுதிய பத்திரிகையை ரெமிதான் வாங்கிக்கொண்டு வந்து காட்டினான், முகமெல்லாம் சிரிப்போடு. அவனுக்குப் பொறாமைப்படத் தெரியாது. அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்வது எவ்வளவு களைப்பு என்பது உங்களுக்கு இப்போது புரியாது.

கடைசியாக நாங்கள் சேர்ந்து எடுத்தது நார்மண்டியில், ஃபெக்காமுக்குப் பக்கத்தில், கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் வெள்ளைப் பாறைகளின் மேல். முதல் நாள் வேலை முடிந்து எல்லோரும் சிப்பியும் சைடர் என்ற ஆப்பிள் மதுவுமாக உட்கார்ந்திருந்தபோது ரெமி என் பக்கத்து நாற்காலிக்கு மாறினான். அடுத்த படத்தை அவனே இயக்கப்போகிறானாம்.

"பர்னபே கேமராவுக்கு வர்றேன்னுட்டான். ஃபிர்மேனும் வர்றான். உங்களுக்கும் ஒரு வேஷம் வெச்சிருக்கேன் முதலாளி. ஓட்டல் வாசல்ல நிக்கிற கெழவன். வசனம் கிடையாது. எனக்கு உங்க முகம் மட்டும் வேணும்."

கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் உண்மையான பிரியத்தோடு கேட்டான். மேஜைக்கு எதிர்ப்பக்கம் பர்னபேயும் ஃபிர்மேனும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பர்னபே என் ஒளிப்பதிவாளன், ஃபிர்மேன் தளத்தில் வடம், தண்டவாளம் எல்லாம் பார்ப்பவன். இருவரும் நான் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள். சந்தோஷம் என்று சொன்னேன். மிச்சமிருந்த சிப்பிகளைச் சாப்பிட்டு முடித்தேன்.

நம் படப்பிடிப்புகளில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'கயிறு' என்ற சொல்லைத் தளத்தில் யாரும் சொல்வதில்லை. நூல் என்போம், வடம் என்போம். பழைய நாடகக் கொட்டகைக்காரர்கள் விட்டுப்போன பயம் அது. அந்தச் சொல் தூக்குமரத்தைக் கூப்பிடுமாம். தவறிச் சொன்னவர் எல்லோருக்கும் ஒரு சுற்று மது வாங்கித்தர வேண்டும். வாங்கித்தந்துவிட்டால் தீட்டு கழிந்தது.

மறுநாள் எடுக்க வேண்டியது ஒரே ஒரு காட்சி. ரெமி பாறை விளிம்பில் நின்று கடலை நோக்கிச் சாய வேண்டும், விழுந்துவிடுவான் என்று பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடிக்கும் வரை. அவன் கோட்டுக்குள் இடுப்பில் வடம் கட்டியிருந்தது. அதன் மறுமுனை பின்னால் தரையில் அறைந்த இரும்பு முளையில் இருந்தது. நடுவிலிருந்த பாறைப் பிளவுக்கு இந்தப் பக்கம் நானும் பர்னபேயும் கேமராவும். காற்றில் குரல் கேட்காது என்பதால் கையால் பேசிக்கொள்வதாக ஏற்பாடு. நான் கையை உயர்த்தியிருக்கும் வரை அவன் சாய வேண்டும். இறக்கினால் பின்னால் வர வேண்டும்.

காலை முழுவதும் ஒத்திகை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கோணம் பார்ப்பதற்காக விளிம்பில் குப்புறப் படுத்தேன். அந்தப் பாறை சுண்ணாம்பு, மென்மையானது. ஆனால் நடுநடுவே கத்தி மாதிரி கறுப்புக் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும். வடம் அப்படியொரு கல்லின் மேல்தான் காலையிலிருந்து உராய்ந்திருந்தது. பாதிக்கு மேல் புரி அறுந்து, நரைத்த தாடிபோல் பிரிந்திருந்தது. நான் எழுந்து, முழங்காலில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டேன். வெளிச்சம் போய்விடும், உடனே எடுத்துவிடலாம் என்றேன். முளையருகே நிற்க வேண்டிய ஃபிர்மேனை, கேமரா ஓடும் தண்டவாளத்தை நகர்த்த என் பக்கம் வரச் சொன்னேன். இயக்குநருக்கு அதுதானே வேலை. யார் எங்கே நிற்பது என்று சொல்வது.

அப்போதுதான் சொலாஞ்ச் வந்தாள். ரெமியின் மனைவி. ரூவானில் மருந்துக்கடை வைத்திருந்தாள், சினிமாவோடு ஒட்டாதவள். கூடையில் பேரிக்காய் கொண்டுவந்திருந்தாள். ஒன்றை ரெமியிடம் கொடுக்கக் குனிந்தவள் விளிம்பைப் பார்த்தாள்.

"ரெமி, இந்தக் கயிறு..."

அதற்கு மேல் அவளைப் பேசவிடவில்லை. கொட்டகை தீப்பற்றியதுபோல் ஒரே கூச்சல்.

"மாட்டிக்கிட்டாங்க! ஒரு சுத்து! எல்லாருக்கும் ஒரு சுத்து!"

"இல்லங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா, அந்தக் கயிறு..."

"ரெண்டு சுத்து!" என்று ஃபிர்மேன் தொப்பியைத் தூக்கி எறிந்தான். "இன்னொரு தடவ சொல்லுங்க மதாம், ராத்திரிச் சாப்பாடும் உங்க செலவு!"

ரெமி பேரிக்காயைக் கடித்தபடி சிரித்தான். "எம் பொண்டாட்டிக்கு வெஷம் எதுன்னு தெரியும்டா. சினிமாவுல எது வெஷம்னு தெரியாது, விட்டுருங்க."

அவள் முகம் சிவந்துவிட்டது. நான் போய் அவள் கையைப் பிடித்து, கீழே கிராமத்துக்குப் போகும் பாதை வரை அழைத்துச் சென்றேன். ஷாட்டுக்கு முன்னால் மதுவுக்குச் சொல்லிவிட்டால்தான் பயல்களுக்கு மனசு நிம்மதியாகும் என்றேன். காப்பிக்கடையில் எல்லோருக்கும் கால்வதோஸ் சொல்லச் சொன்னேன்.

"நீங்களாவது அத ஒரு தடவ பாத்துருங்க முசியே."

"பாக்கறேன்மா, போங்க."

நான் பொய் சொல்லவில்லை. ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

அவள் கீழே போனாள். நான் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து கையை உயர்த்தினேன். ரெமி சாய்ந்தான். என் கையைப் பார்த்தான், இன்னும் சாய்ந்தான். என்மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கை அந்த முதுகில் தெரிந்தது. எந்த நடிகனிடமும் அதை நடிப்பாக வாங்க முடியாது. பிறகு வடம் அறுந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. சொலாஞ்ச் தட்டில் கோப்பைகளோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள்.

விபத்து என்று விசாரணை முடிந்தது. ஃபிர்மேன் காலையில் சோதித்ததாகச் சத்தியம் செய்தான், அது உண்மை. அதற்குப் பிறகு அவன் தளத்துக்கு வரவேயில்லை. அடக்கத்தின்போது எங்கள் ஆட்களில் ஒருவர்கூட சொலாஞ்சின் பக்கத்தில் நிற்கவில்லை. "அந்த நாக்கு" என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது. நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மருந்தை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துக் கொடுக்கிறவள் என்னிடம் கேட்டாள்:

"நீங்க அதப் பாத்தீங்கல்ல முசியே?"

"பாத்தேன்."

"நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"அப்ப நான் சொன்ன சொல்லுதான்," என்றாள்.

இன்றும் பேரிக்காய்க் காலம் வந்தால் ஒரு கூடையோடு வருவாள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, "அன்னிக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்பாள். உங்கள் படத்தையும் கெடுத்துவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்பாள். நான் மன்னித்துவிடுகிறேன். கிழவிக்கு அது ஆறுதல்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்று உங்கள் கண் கேட்கிறது. ரெமியைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அந்த மதியத்தை எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் சொலாஞ்ச் சொன்ன சொல்தான் இருக்கிறது. என் பெயர் இல்லை. என் படங்களையெல்லாம் மறந்துவிட்டார்கள், போகட்டும். ஆனால் மக்கள் இன்னும் மறக்காத அந்த ஒரு காட்சியை இயக்கியது ஒரு மருந்துக்கடைக்காரியா? யார் எங்கே நிற்க வேண்டும், யாரை எங்கே அனுப்ப வேண்டும், கை எவ்வளவு நேரம் மேலே இருக்க வேண்டும், எல்லாம் நான். உங்கள் புத்தகத்திலாவது அது சரியாக இருக்கட்டும்.

நான் செய்தது கலைக்காக. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். விழப்போவது தெரியாமல் சாய்கிற ஒரு மனிதனை அதற்கு முன் யாரும் படம் பிடித்ததில்லை.

பர்னபே உங்களிடம் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். எங்கே போனாலும் அதைத்தான் சொல்கிறான். ரெமி பாதி சாய்ந்திருக்கும்போதே கேமராவில் ஃபிலிம் தீர்ந்துவிட்டது. உண்மைதான். "தீந்துபோச்சு, கைய எறக்குங்க முசியே, தீந்துபோச்சு" என்று என் காதுக்குள்ளேயே கத்தினான். நன்றாகக் கேட்டது.

பிறகு ஏன் கையை இறக்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

ஷாட் நன்றாக வந்துகொண்டிருந்தது.