‘கொஞ்சம் பொறு’ என்று எழுத மறுத்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் மேயர் அவர்களே, ரோப் கார் நிறுவன இயக்குநர் ஒக்னியான் அவர்களே, கண்ணீரோடு கூடியிருக்கும் ஸ்மோல்யான் மக்களே!

யோர்தாங்கா பெய்கோவா போய்விட்டார். நம் ரோப் காரின் கருவிகளோடு நேரடியாகப் பேசும் அடிநிலை நிரலை எழுதியவர் போய்விட்டார். ஒரு கோளாறு வந்தால் அதை எந்தப் பிழை வகையில் சேர்ப்பது? அதற்காக இத்தனை சண்டை போட்ட மனுஷியை, அவரிடம் வேலை கற்ற நான் வேறெங்கும் பார்த்ததில்லை!

திறப்பு விழாவை மறந்திருக்க மாட்டீர்கள். பெட்டிக்குள் பாட்டுக்குழுப் பெண்கள். மேயர் கையில் கத்தரிக்கோல். பெட்டி நகரவில்லை! பிரேக் அழுத்தத்தைச் சொல்லும் சென்சாரைக் குறித்து, ‘கருவி இல்லை’ என்றே திரையில் பிழை வந்துகொண்டிருந்தது.

ஒக்னியான் அவர்களே, நீங்கள் சொல்லச் சொன்னதால்தான் இதைச் சொல்கிறேன். கட்டுப்பாட்டு அறையில் நீங்கள் கத்தினீர்கள்: “பிழைன்னா பிழைதானே! பேர்ல என்ன இருக்கு? ‘கொஞ்சம் பொறு’ன்னு மாத்தும்மா, வண்டி போகட்டும்!”

யோர்தாங்கா அக்கா சொன்னார்: “அப்படிப் போட்டா வண்டியை ஓட்டுற மேல் நிரல் பழைய அழுத்தத்தையே நம்பிக் கிளம்பிடும். அங்க பதில் சொல்ல சென்சாரே இல்லைங்க.”

“அப்ப நானே மாத்தச் சொல்றேன்!”

“சொல்லுங்க. மொதல்ல நீங்க போய்ப் பெட்டியில உக்காருங்க.”

மெக்கானிக் ஸ்த்ராவ்கோ பிரேக் அறைக்கு ஓடினார். அங்கிருந்தே அலறினார்: “எல்லாரையும் இறக்குங்க! எண்ணெய்க் குழாய் வெடிச்சு சென்சார் ஒயரையும் அறுத்துப் போட்டிருக்கு. பிரேக் பிடிக்காது!”

யோர்தாங்கா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். கீழே இறங்கிய பெண்களோ, “பாடாமயே போகச் சொல்றீங்களா?” என்று முணுமுணுத்தபடி புல்வெளியிலேயே பாடினார்கள். எதிலிருந்து தப்பினோம் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது! அவர்களில் பலர் இங்கே இருக்கிறீர்கள்.

போன வாரம் மருத்துவமனையில், யோர்தாங்கா அக்கா ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு என்னிடம் கேட்டார்: “மேல் நிலையத்துக் காத்துமானி அப்பப்ப பூஜ்யம் காட்டுதே. காத்து இல்லையா, கருவி உறைஞ்சு போச்சா?”

“இன்னும் தெரியலக்கா.”

“தெரியலைன்னா ‘தெரியலை’ன்னே போடு. பூஜ்யத்தை மேல் நிரலுக்கு அனுப்பாதே.”

நண்பர்களே! நாளை நானும் ஸ்த்ராவ்கோவும் பனியில் ஏறி அந்தக் கருவியைப் பார்க்கப் போகிறோம். உங்கள் முன் வாக்களிக்கிறேன்: உண்மை தெரியும்வரை அந்தப் பிழைக்குப் பெயர் ‘தெரியவில்லை’. அதுவரை பெட்டி நகராது!