கல்லிலை பிழையில்லை

ஜஸ்ரின்: இந்தக் கல்லும் சரிவரேல்லையோ, அன்ரி?

செல்வநாயகி: சரிவந்தா ஏன் தம்பி திரும்ப உம்மடை கடைக்கு வாறன்? தீட்டின உடனை வடிவா இருக்கு. தக்காளிப்பழம் தொட முதல் ரெண்டாப் பிளக்குது. அடுத்தநாள் விடியப் பாத்தா... அகப்பைக் காம்பாலை வெட்டுற மாதிரி.

குகதாசன்: கல்லு சரியில்லையெண்டா விடும். வாரும் போவம்.

செல்வநாயகி: இப்பதானே வந்தனாங்கள். அதுக்கிடையிலை என்ன அவசரம் உங்களுக்கு?

ஜஸ்ரின்: அங்கிள் ஒரு நாளும் வாறேல்லை. இண்டைக்கு வந்திருக்கிறார். ரெண்டு பேருமாப் பாத்து ஒண்டை எடுங்கோவன். முதல் கொண்டுபோனது எண்ணெய்க்கல்லு, என்ன?

செல்வநாயகி: ஓம், அந்தக் கறுத்தக்கல்லு. அது மெத்தச் சொரசொரப்பு, மரக்கறிக் கத்திக்குச் சரிவராது எண்டு நீர்தான் பிறகு தண்ணியிலை ஊறப்போடுற இந்த வெள்ளைக்கல்லைத் தந்தனீர்.

ஜஸ்ரின்: ஊறப்போட்டனீங்களோ?

செல்வநாயகி: குமிழி வாறது நிக்கும்மட்டும் வாளியிலை கிடந்தது.

ஜஸ்ரின்: எந்தப் பக்கத்திலை முதல்...?

செல்வநாயகி: சொரசொரத்த பக்கம் முதல். பிறகு மற்றப் பக்கம். கத்தி முதுகுக்குக் கீழை சின்னவிரல் நுழையிற சரிவு. ஒரே மாதிரி, அமத்தாமல். நீர் சொன்ன ஒண்டையும் விடேல்லை.

ஜஸ்ரின்: எல்லாம் சரிதானே. பிறகு ஏன்...? எனக்கெண்டா விளங்கேல்லை.

குகதாசன்: கத்தி பழசு, தம்பி. உருக்கு செத்துப்போச்சு.

செல்வநாயகி: என்ன பழசு? அக்காவின்ரை மகள், என்ரை பெறாமகள், கொழும்பிலையிருந்து கொண்டந்து இன்னும் ஒரு வருசமாகேல்லை.

குகதாசன்: இப்பத்தைய புதுச்சாமான் எல்லாம் அப்பிடித்தான்.

செல்வநாயகி: இப்பதானே பழசு எண்டியள்?

குகதாசன்: பழசோ புதுசோ... மழுங்கிறது மழுங்கும்.

ஜஸ்ரின்: ஒரு நாளைக்கு எவ்வளவு வெட்டுவியள், அன்ரி? வீட்டுக்கு மட்டுமோ?

செல்வநாயகி: வீட்டிலை நாங்கள் ரெண்டு பேர்தான். நான் கந்தோருகளிலை வேலை செய்யிற ஆக்களுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் குடுக்கிறன், தெரியாதோ? வாழைக்காய், பயித்தங்காய், கீரை எண்டு விடியத் துவங்கினா ஒன்பது மணிமட்டும் வெட்டு. இவர்தான் மோட்டச்சைக்கிளிலை கொண்டுபோய்க் குடுக்கிறவர்.

ஜஸ்ரின்: அட, அங்கிள் அரசாங்கக் கச்சேரியிலை பெரிய கிளாக்கா இருந்தவரெல்லே?

செல்வநாயகி: அதுதான் பிரச்சினை.

குகதாசன்: என்ன பிரச்சினை?

செல்வநாயகி: ஒண்டுமில்லை. தம்பி, நீர் வேறை என்ன என்ன இருக்கெண்டு காட்டும்.

ஜஸ்ரின்: இருங்கோ... இது அரம். மண்வெட்டி, கோடாலிக்குச் சரி, குசினிக் கத்திக்கு வேண்டாம். இந்த நீட்டுக் கம்பி இறைச்சிக்கடைக்காரர் இழுக்கிறது. கூர் இருக்கிற கத்தியை நிமித்தி எடுக்குமே தவிர, மழுங்கினதுக்கு உதவாது. இது வைரத்தூள் ஒட்டின தட்டு. ஊறப்போடத் தேவையில்லை, கெதியாக் கூராக்கும். இது...

குகதாசன்: அங்கை அந்தச் சிவப்புச் சாமான் என்ன?

ஜஸ்ரின்: உதோ? உந்தப் பிளவுக்குள்ளை கத்தியை விட்டு இழுக்கிறது. சொன்னா நம்பமாட்டியள், கனபேர் கொண்டுபோட்டு வந்து என்னை ஏசினவை. கத்தியைச் சுரண்டித் தின்னும், கூரும் நிக்காது.

குகதாசன்: அதைக் குடும்.

ஜஸ்ரின்: அங்கிள், கூர் நிக்காது எண்டு சொல்லுறன்...

குகதாசன்: விளங்குது. அது போதும்.

ஜஸ்ரின்: கூர் நிக்கேல்லை எண்டுதானே வந்தனீங்கள்?

குகதாசன்: ஓம்.

ஜஸ்ரின்: பிறகு கூர் நிக்காத சாமானைக் கேக்கிறியள்.

குகதாசன்: ஓம். கட்டும்.

ஜஸ்ரின்: அன்ரி, எனக்குத் தலை சுத்துது. சாமான் விக்கிறவன் வேண்டாம் எண்டுறான், வாங்குறவர் தாவெண்டுறார்.

செல்வநாயகி: அவர் சொல்லுறதை விடும். கத்தியைக் கொண்டந்தனான். இந்தாரும், பேப்பர் சுத்தினபடி இருக்கு. அவிட்டுப் பாரும்.

குகதாசன்: கத்தியை ஏன் கொண்டந்தனீர்? எனக்குச் சொல்லேல்லையே.

செல்வநாயகி: சொல்லவேணுமோ?

ஜஸ்ரின்: பொறுங்கோ, வாசல் வெளிச்சத்திலை பாப்பம்... ம். கூரான கத்தியெண்டா விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. இது வெள்ளைக் கோடு மாதிரி மினுங்குது. நல்லா மழுங்கிப்போச்சு. ஆனா... இதென்ன?

செல்வநாயகி: என்ன?

ஜஸ்ரின்: நீங்கள் தீட்டின தடம் ரெண்டு பக்கமும் வடிவாத் தெரியுது. நான்கூட இவ்வளவு ஒழுங்காத் தீட்டமாட்டன், யூரியூப் பாத்துப் பழகினவன்தானே. அதுக்கு மேலை விளிம்பிலை வேறை கீறல். குறுக்கும் மறுக்குமா. கல்லிலை இப்பிடிக் கீறல் விழாது. வெட்டுற பலகை என்ன, கண்ணாடியோ?

செல்வநாயகி: மாமரப் பலகை.

குகதாசன்: கீழை விழுந்திருக்கும்.

ஜஸ்ரின்: விழுந்தா ஒரு இடத்திலைதான் சொட்டை விழும், அங்கிள். இது பிடியிலையிருந்து நுனிமட்டும் ஒரே மாதிரி. சீமெந்திலை வைச்சு இழுத்த மாதிரியெல்லே கிடக்கு...

செல்வநாயகி: சீமெந்திலையோ?

ஜஸ்ரின்: ஆரும் வேலைக்கு வாறவையோ, அன்ரி? தேங்காய் கீங்காய் உடைக்கிறவை?

செல்வநாயகி: ஒருத்தரும் வாறேல்லை.

குகதாசன்: தம்பி, இதிலை நிண்டு ஆராயிறதிலை ஒரு பிரயோசனமும் இல்லை. சிவப்பைக் கட்டும், நாங்கள் போறம்.

செல்வநாயகி: முதல் அந்த வைரத்தட்டிலை ஒருக்கால் தீட்டிக் காட்டட்டும். தீட்டும் தம்பி.

ஜஸ்ரின்: ஒரு நிமிசம்... கொஞ்சம் தண்ணி தெளிச்சு... இப்பிடி... பாத்தியளோ, எவ்வளவு கெதி. இந்தா, பேப்பரைப் பிடிக்கிறன்... சர்! பழைய பேப்பர், ஒரு பிசிறில்லாமல் வெட்டுது. நீங்களும் பாருங்கோ அன்ரி. பெருவிரலை விளிம்புக்குக் குறுக்காலை மெல்லமா வையுங்கோ, பிடிக்கிற மாதிரி இருக்கும்.

குகதாசன்: அதைத் தொடாதையும்!

செல்வநாயகி: ஏன் கத்துறியள்? பிள்ளை பயப்பிடப்போறான்.

குகதாசன்: தொடாதையும் எண்டுறன்.

செல்வநாயகி: தொட்டாச்சு. ...ம்கூம். ஒண்டும் தெரியேல்லை, தம்பி. வழுவழுவெண்டு இருக்கு. கூரில்லை.

ஜஸ்ரின்: கூரில்லையோ? இப்பதானே பேப்பர் வெட்டினனான்!

செல்வநாயகி: பேப்பரை விடும். விரலுக்கு ஒண்டும் பிடிபடேல்லை.

ஜஸ்ரின்: தாங்கோ பாப்பம்... ஐயோ, நான் வைக்கவே கூசுது. பிளேட் மாதிரி இருக்கு. அன்ரி, நீங்கள் கத்தி முதுகைத் தொட்டனீங்களோ?

செல்வநாயகி: எனக்கு முதுகும் விளிம்பும் தெரியாதோ?

ஜஸ்ரின்: பேப்பருக்குக் கூர், எனக்குக் கூர், உங்களுக்கு மட்டும் மழுக்கம்... என்ன கதை இது? இண்டைக்கு நான் ஆரின்ரை முகத்திலை முழிச்சனோ தெரியேல்லை.

செல்வநாயகி: சரி, கூரெண்டே வைப்பம். வீட்டை கொண்டுபோறன். நாளைக்கு விடிய அது மழுங்கியிருக்கும். எப்பிடி எண்டு அவரைக் கேளும்.

ஜஸ்ரின்: அங்கிளையோ?

குகதாசன்: என்னையோ?

செல்வநாயகி: உங்களைத்தான். ரெண்டாங் கல்லு வாங்கின மற்றநாள் விடிய முழிப்பு வந்திட்டுது. பக்கத்திலை ஆளில்லை. குசினி யன்னலாலை பாத்தன். கிணத்துக்கட்டிலை குந்தியிருந்து, கத்தியைச் சீமெந்திலை வைச்சு இழு இழுவெண்டு இழுக்கிறியள். பிறகு கழுவித் துடைச்சு, இருந்த இடத்திலையே கொண்டந்து வைக்கிறியள்.

ஜஸ்ரின்: அங்கிள்...?

செல்வநாயகி: நான் ஒண்டும் கதைக்கேல்லை. அண்டைக்கே திரும்பத் தீட்டினன். அடுத்தநாள் திரும்ப மழுக்கினியள். இண்டைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு வந்ததே அதுக்குத்தான். வீட்டிலை கேட்டா எழும்பிப் போயிடுவியள். மூண்டாம் மனிசருக்கு முன்னாலையாவது சொல்லுவியள் எண்டு நினைச்சன்.

குகதாசன்: என்னத்தைச் சொல்ல?

செல்வநாயகி: கச்சேரியிலை கதிரையிலை இருந்த மனிசனுக்குச் சோத்துப் பார்சல் காவ வெக்கம் எண்டு சொல்லுங்கோ. இவள் வெட்டி வெட்டிக் களைச்சு, தானா இதை விடட்டும் எண்டு நினைச்சனெண்டு சொல்லுங்கோ. நேரை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பன்... விட்டிருக்கமாட்டன். எண்டாலும் இப்பிடிக் கள்ளத்தனமாச் செய்தது...

குகதாசன்: வெக்கமெண்டு ஆர் உமக்குச் சொன்னது?

செல்வநாயகி: ஏன், எனக்குக் கண்ணில்லையோ? பார்சலோடை பெருந்தெருவாலை போறியளோ? ஒருத்தரும் காணாமல் ஒழுங்கைக்குள்ளாலை சுத்திக்கொண்டெல்லே போறியள்.

குகதாசன்: பெருந்தெருவிலை நிழலில்லை. வெய்யிலுக்குச் சொதி புளிச்சுப்போகும் எண்டு நீர்தானே முதல் கிழமை சொன்னனீர்! அதுக்குத்தான் ஒழுங்கையாலை போறன்.

செல்வநாயகி: ...அதுக்கோ?

குகதாசன்: பிறகு என்னத்துக்கு?

செல்வநாயகி: அப்ப கத்தி? கத்திக்கும் வெய்யில் எண்டு சொல்லப்போறியளோ?

குகதாசன்: தம்பி, கொஞ்சம் பஞ்சு இருக்கோ?

ஜஸ்ரின்: பஞ்சோ? என்னத்துக்கு, அங்கிள்?

குகதாசன்: அவவின்ரை பெருவிரலுக்கு. பேப்பரைப் பாரும்.

ஜஸ்ரின்: ஐயோ, அன்ரி! இரத்தம்! பேப்பர் முழுக்க...

செல்வநாயகி: எங்கை? ...இது என்ரையோ?

ஜஸ்ரின்: நல்லா ஆழமா வெட்டியிருக்கு. அமத்திப் பிடியுங்கோ, அமத்திப் பிடியுங்கோ. உள்ளுக்கை பிளாஸ்ரர் இருக்கு, எடுத்துக்கொண்டு ஓடிவாறன்.

குகதாசன்: கையைக் கொண்டாரும். இப்பிடி மேலை பிடியும். நோகுதோ?

செல்வநாயகி: விடுங்கோ. சின்ன வெட்டு.

குகதாசன்: இந்தக் கல்லுகள் வாங்க முதல் ஒருநாள் நீர் பயித்தங்காய் வெட்டிக்கொண்டிருக்க, கனடாவிலையிருந்து மகள் ரெலிபோனிலை. சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சீர். நான் தேத்தண்ணி குடிக்க வந்தனான். பலகையெல்லாம் சிவப்பு. நீர் சிரிச்சுக்கொண்டே வெட்டுறீர்.

செல்வநாயகி: அண்டைக்கு நீங்கள்தானே பயித்தங்காயைத் தூக்கி எறிஞ்சியள்? புழு எண்டு...

குகதாசன்: புழு இருக்கேல்லை.

செல்வநாயகி: விரல் வெட்டினது பிறகுதான் கண்டன். தோலோடை போன வெட்டெண்டு நினைச்சன்...

குகதாசன்: சலரோகம், சீனி வருத்தம் இருக்கிற ஆளுக்கு விரல் மரத்தா என்ன எண்டு எனக்குத் தெரியாதோ? சமையலை விடும் எண்டு சொல்ல வாய் வரேல்லை. இந்தச் சாப்பாடு துவங்கின பிறகுதானே நீர் திரும்பப் பாட்டுப் பாடிக்கொண்டு எழும்பினது. அதை எப்பிடி நிப்பாட்டச் சொல்லுறது? என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. கத்தி மழுங்கியிருந்தா வெட்டாது எண்டு நினைச்சன்.

ஜஸ்ரின்: இந்தாங்கோ பிளாஸ்ரர்... அங்கிள், மழுங்கின கத்திதான் கூட மோசம். அமத்தி வெட்டேக்கை வழுக்கி விரலிலைதான் ஏறும்.

குகதாசன்: அப்பிடியோ? ...அப்ப நான் இவ்வளவு நாளும்...

செல்வநாயகி: விடுங்கோ. நீங்கள் குசினிக்குள்ளை வந்த மனிசனோ, உது தெரியிறதுக்கு.

குகதாசன்: இனி வாறன். நீர் பக்கத்திலை இருந்து சொல்லும், நான் வெட்டுறன்.

செல்வநாயகி: நீங்களோ? வாழைக்காயைக் குறுக்கை வெட்டுறதோ நெடுக்கை வெட்டுறதோ எண்டு தெரியுமோ?

குகதாசன்: தெரியாது. சொல்லித்தாரும். தம்பி, சிவப்பை வைச்சிட்டு அந்த வைரத்தட்டைக் கட்டும். தீட்டுறதையும் நான் பழகிறன்.

ஜஸ்ரின்: கட்டுறன், அங்கிள். அந்த வெள்ளைக்கல்லு?

குகதாசன்: கல்லிலை பிழையில்லை எண்டு தெரிஞ்சிட்டுதே. அதையும் கொண்டுபோறம். இஞ்சாரும், அதுக்கு முதல் உம்மைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். இண்டைக்கே. விரலைக் காட்டுவம்.

செல்வநாயகி: நாளைக்குப் போவம்.

குகதாசன்: இண்டைக்கு. உண்மையைச் சொல்லும், விரல் எப்ப மரக்கத் துவங்கினது?

செல்வநாயகி: விரல் கொஞ்ச நாளாத்தான்.

குகதாசன்: பிறகு ஏன் சொல்லேல்லை? விரலுக்காக நான் உம்மை வீட்டிலை பூட்டி வைச்சிருப்பனோ?

செல்வநாயகி: விரல் மட்டுமெண்டா சொல்லியிருப்பன். கால்தான் முதல் மரத்துப்போனது. அக்காவுக்கும் உள்ளங்காலிலைதானே துவங்கினது, பிறகு முழங்காலோடை காலை வெட்டி எடுத்தவை... அந்தப் பயத்திலை வாய் திறக்கேல்லை. இப்பவும் பாருங்கோ, நிலத்திலைதான் நிக்கிறனோ எண்டு குனிஞ்சு பாத்துப் பாத்துத்தான் நிக்கிறன்.