பொட்டு வைக்காத வண்டி

பொட்டு வைக்கல, அவ்ளோதான் சார். ஏறுங்க, பிச்சாவரம்தான, கொண்டு போயி விடுறேன். இன்னிக்கி ஆயுத பூஜைன்னு எனக்கும் தெரியும். சிதம்பரம் ஸ்டாண்டுல நிக்கிற அத்தன ஆட்டோவுக்கும் வாழக்கன்னு, மால, லைட்டுக்கு லைட்டு சந்தனம் குங்குமம். தங்கராசு வண்டி மட்டும் ஏன் எழவு வூட்டுக்கு வந்த வண்டி மாதிரி நிக்கிதுன்னு காலையிலேர்ந்து எல்லாரும்தான் கேக்குறாங்க. கிறிஸ்டியன் இல்ல சார் நான். பதினாலு வருஷமா வெள்ளிக்கெழம தவறாம வச்சவன்தான்.

அந்தப் பெல்ட்டா, அத அப்பிடித் தள்ளி வச்சிட்டு உக்காருங்க. எம்பொண்ணுக்கு மாட்டுனது. கொளஞ்சின்னு பேரு, பதினோரு வயசு. பொறக்கறப்பவே மூச்சுத் தெணறிடிச்சி. கை காலு இழுத்துக்கிச்சி, பேச்சு வராது. கட்டி வைக்கலன்னா சாஞ்சிடுவா. சோத்துக் கை மட்டும் கொஞ்சம் தூக்குவா. அறிவு ஒங்களுக்கும் எனக்கும் மேல. அதச் சொன்னா சிரிக்கிறானுவ, இப்பல்லாம் சொல்றதில்ல.

இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குன்னு இங்க ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. காலேஜ் வாத்தியார் ஒருத்தரு, திருநாவுக்கரசுன்னு, தன் கையால ஒரு பாட்டுப் பொட்டி செஞ்சி அங்க கொண்டாந்து குடுத்தாரு. தொடவே வேணாம் சார். மேல ரூவா அகலத்துக்கு வட்டமா ஒரு கண்ணு. சென்சாருன்னு சொல்றாங்க. அதுக்கு நேரா கைய ஆட்டுனா சத்தம் வரும். கிட்ட கொண்டு போனா சன்னமா, தள்ளி எடுத்தா தடியா. வெரலு மடங்காத புள்ளயும் வாசிச்சிடலாம்.

தெனம் நாலு மணிக்கு கேட்டுக்கு வெளிய நின்னு ரெண்டு தடவ ஹார்ன் அடிப்பேன். ஒரு நாளு உள்ளேர்ந்து அதே மாதிரி ரெண்டு சத்தம் வருது. மாலதி டீச்சரு ஓடியாந்து, ஒங்க பொண்ணுதாண்ணே கூப்புடுதுங்குது. பத்து வருஷத்துல மொத மொத என்ன அவ கூப்புட்டா சார். அங்கயே வண்டியில உக்காந்து அழுதேன், எனக்கென்னா வெக்கம். அப்பறம் நான் மூணு அடிச்சா அவ மூணு, நான் நிறுத்துனா அவ ஒண்ணு சேத்துப் போடுவா. அதுலேர்ந்தே சொந்தமா ஒரு மெட்டும் கட்டிட்டா.

கெட்டது எங்கன்னா விழாவுல. போன டிசம்பரு, ஊனமுற்றோர் தினம்னு கடலூர்ல மண்டபம் புடிச்சி, கொளஞ்சி வாசிப்பான்னு நோட்டீஸ் அடிச்சிட்டாரு பள்ளிக்கூடத்துத் தாளாளரு. காலையில கெளம்பறப்ப பொட்டியப் போட்டுப் பாத்தோம், நல்லா பாடிச்சி. பொட்டியும் புள்ளயும் இதே வண்டியிலதான் போச்சு. வாத்தியாருக்குப் பரிச்ச டூட்டி, அவரு வரல.

மேடையில வச்சாச்சு. கைய தூக்குறா, சத்தம் இல்ல. இன்னும் தூக்குறா. வேர்த்து ஊத்துது அவளுக்கு. கீழ சனங்க ச்சு ச்சுன்னு உச்சு கொட்டுது. தாளாளரு என்னா பண்ணாரு தெரியுமா, ஓரமா கீபோர்டோட நின்ன நம்ம கூட்டாளி செபாஸ்டினப் பாத்துக் கண்ணக் காட்டுனாரு. அவன் வாசிக்க ஆரம்பிச்சிட்டான். அவதான் வாசிக்கிறான்னு சனம் கை தட்டுது. அவளுக்குத் தெரியாதா சார், அவ மெட்டு அது இல்லியே. கைய எறக்கி மடியில வச்சிக்கிட்டா. கை மடியில கெடக்கு, பாட்டு பாட்டுக்குப் போவுது, அப்பயும் தட்டுறானுவ. அத்தன பேருல ஒருத்தன் அந்தக் கையப் பாக்கல.

அதுக்கு மேல வந்தாரு பாருங்க தலைமை விருந்தினரு. அவ கையப் புடிச்சி, செத்த கோழியத் தூக்குற மாதிரி தூக்கி, பொட்டி மேல புடிச்சிக்கிட்டு போட்டோவுக்குச் சிரிக்கிறாரு. சிரிச்சிட்டுக் கண்ணத் தொடச்சிக்கிறாரு. த்தூ. பொன்னாடையும் போண்டாவும் அவனுவளும். கேடயம் ஒண்ணு குடுத்தானுவ, அதுல எம்பொண்ணு பேரக் கலைச்செல்வின்னு தப்பாப் போட்டிருக்கு. வூட்டுல கோழிக்கூண்டுக்கு அடைப்பா வச்சிருக்கேன்.

மறுநாளு செபாஸ்டின் வந்து, தப்பா நெனக்காத மச்சான், புள்ள மானம் போயிடக் கூடாதுன்னுதான்னான். யாரு மானத்த யாரு காப்பாத்துறதுன்னு கேட்டு அனுப்பிட்டேன்.

அன்னிலேர்ந்து அவ கையப் பாவாடைக்குள்ள சுருட்டி வச்சிக்கிறா. பொட்டிய முன்னால வச்சா மூஞ்சத் திருப்பிக்கிறா. சோறு ஊட்டும்போது கூட அந்தக் கைய வெளிய எடுக்க மாட்டேங்குறா. பத்து மாசம் ஆச்சி. நான் தெனம் ஹார்ன் அடிக்கிறேன், உள்ளேர்ந்து ஒண்ணும் வராது.

இதோ, கிள்ளை தாண்டிட்டோம். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

பொட்டி ரிப்பேரா, அதான் இல்ல. மறு வாரம் வாத்தியார் வந்து போட்டாரு, கைய ஆட்டுனதும் பாடுது. அவருக்கே வெளங்கல. அன்னிக்கி அந்தக் கண்ண எதாவது மறைச்சிக்கிட்டு இருந்திச்சான்னு ஒவ்வொருத்தரா கேட்டாரு. எல்லாரும் இல்லன்னாங்க. நானும் இல்லன்னேன்.

ஆமா, நீங்க பொட்டுலதான ஆரம்பிச்சீங்க. அன்னிக்கி பொட்டியப் போட்டுப் பாத்துட்டுக் கடலூர் கெளம்பறப்ப, நல்ல காரியமாச்சேன்னு வண்டிக்குச் சந்தனம் கொழச்சேன். லைட்டுக்கு வச்சேன், ஹேண்டில்பாருக்கு வச்சேன், கொஞ்சம் மீந்திச்சி. பொட்டிக்கும் ஒண்ணு வச்சேன். நாம எங்க சார் வைப்போம், வட்டமா இருக்குற எடத்துலதான வைப்போம். கட்ட வெரலால அழுத்தி, கெட்டியா. மேல குங்குமம். நம்ம ஊர்ல பொட்டு இல்லாத மிஷினு ஏது, மேடையில ஒருத்தனுக்கும் அது வித்தியாசமாத் தெரியல. திரும்பி வரயில புதுச்சத்திரத்துல டீக்கு நிறுத்துனப்பதான் பொட்டு அந்தச் சென்சார மூடிக்கிட்டு இருக்குறது எனக்கே தெரிஞ்சிது. அவ பெல்ட்டுல சாஞ்சி தூங்கிக்கிட்டு இருந்தா. நகத்தால சொரண்டி, சட்ட நுனியால தொடச்சி வுட்டுட்டேன்.

அவகிட்டயா, இல்ல, சொல்லல. யார்கிட்டயுமே சொல்லல, ஒங்ககிட்டதான். அவ தன் கைதான் ஒதவாதுன்னு நெனச்சிக்கிட்டுக் கெடக்கா. நான் தாளாளர ஏசிக்கிட்டு, செபாஸ்டின ஏசிக்கிட்டு வண்டி ஓட்டுறேன். எறங்குங்க சார், போட்டுக்கு டிக்கெட்டு அந்த ஜன்னல்ல குடுப்பாங்க.