கிண்ணத்தில் நின்ற பீரோ

மத்தியானம் மூன்று மணி. பூம்புகார் சாலையிலிருந்து பிரிந்து, வாய்க்கால் கரையோடு போகிற ஒற்றைத் தார்ச்சாலை. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல்... வெறும் நெல் தாள். ஆள் இல்லை, மாடு இல்லை. வைக்கோல் வாடை சூடாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சாலையில் ஒரே ஒரு கார் போனது.

பரிதி சார், அந்தப் போனைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். ஒரு மணி நேரமாகப் பழைய பீரோப் படமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். காலையில் ஓட்டுப் போட வருகிறவர்கள் உங்கள் புது வீட்டுக்குச் சாமான் தேர்ந்தெடுத்துத் தரப்போவதில்லை. தேர்தல் வேலைக்கு வந்த எல்லோரும் இப்படிக் கொசுவர்த்தி பக்கம் நகர்ந்து வாருங்கள். இந்தப் பள்ளிக்கூடத்து ஃபேனை நம்பி யாரும் தூங்கப்போவதில்லை.

இது என்னோடு வேலை பார்க்கிற ஹுமைரா டீச்சரின் அண்ணன் வீட்டில் நடந்தது. அண்ணன் பெயர் சித்தீக், ஷார்ஜாவில் வேலை. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் வீடு கட்டி, குடிபோக லீவில் வந்திருந்தார். அந்தக் காரை ஓட்டியது அவர்தான். பக்கத்தில் மனைவி தஹ்மீனா. மடியில் நாலு மாதக் குழந்தை ஹம்தான். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அவன் ஒரு வேளை பால் குடிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

தஹ்மீனாவை யாரும் ஏமாற்ற முடியாது. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். மருந்து வாங்கினால் தேதியை இரண்டு தடவை படிப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும், நானும் அதே ரகம்தான்.

அவர்கள் போனது மூடிப்போன ரைஸ்மில் ஒன்றுக்கு. அதற்குள் செல்லதுரை என்பவர் பழைய சாமான் கடை வைத்திருந்தார். இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, தூண், பெட்டி, பீரோ என்று வாங்கி அடுக்கியிருந்தார். புது வீட்டுக்குப் பழைய பீரோதான் வேண்டும் என்று தஹ்மீனா தீர்மானமாக இருந்தாள்.

முதல் பீரோவைக் காட்டி, பர்மா தேக்கு என்றார். அவள் டிராயரை உருவித் தலைகீழாகக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. புது மரத்தில் டீ டிகாக்‌ஷன் தடவியது. இரண்டாவதை நூறு வருடத்துச் சாமான் என்றார். கீலில் ஸ்டார் ஸ்குரூ இருந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் ஏதுங்க ஸ்டார் ஸ்குரூ என்று கேட்டாள். மூன்றாவது ஏதோ ஜமீனில் இருந்து வந்ததாம். அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். காலடியில் மஞ்சளாக மாவு கொட்டிக் கிடந்தது, உள்ளே முழுக்கப் பூச்சி. பரிதி சார், இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். இதுவரைக்கும் அவள் செய்தது எல்லாம் சரி.

கடைசியில், மில்லின் பின்சுவர் ஓரம் ஒன்று நின்றது. கண்ணாடிக்குப் பதில் கம்பி வலை அடித்த இரட்டைக் கதவு பீரோ. ஃப்ரிட்ஜ் வராத காலத்தில் பாலையும் தயிரையும் பூனைக்கு எட்டாமல் வைத்தது. மூலைகள் ஆணியே இல்லாமல் பல்லுக்குப் பல் கோத்திருந்தன. நாலு காலும் நாலு கல் கிண்ணத்தில் நின்றன. கிண்ணம் நிறையத் தண்ணீர்.

எறும்பு ஏறாமல் இருக்க அப்படி வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஆனால் கடையில், வெறும் பீரோவுக்கு... எதற்கு?

அவள் கேட்டாள். அதுவரை வாய் ஓயாத செல்லதுரை குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு மட்டும் தண்ணி வத்த விடாதீங்கம்மா. இது இருந்த வீடு எட்டு வருசமாப் பூட்டிக் கெடந்துச்சு. நாங்க பூட்டை உடைச்சப்ப கிண்ணத்துல தண்ணி இருந்துச்சுங்க."

நாலாவது பொய் என்று தஹ்மீனா நினைத்தாள். கிண்ணத்துக்குத் தனி விலை போடப் பார்க்கிறார் என்று நினைத்தாள். கிண்ணம் சும்மாவே தருகிறேன் என்றதும் சந்தேகம் இரட்டிப்பானது. கால் இற்றுப்போயிருக்கும், அதை மறைக்கத்தான் கிண்ணம். சித்தீக்கைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி ஒவ்வொரு காலையும் நகத்தால் கீறிப் பார்த்தாள். இரும்பாக இருந்தது. வாங்கிவிட்டாள்.

ஏற்றுவதற்கு முன்னால் செல்லதுரை லோடு வண்டித் தட்டில் நாலு வாளி தண்ணீர் ஊற்றினார். தூசுக்காக என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் சித்தீக்கின் அம்மா கமருன்னிஸா பழக்கத்தில் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டார். எறும்புக்குத்தான். பீரோ ஹாலில் நின்றது. வலைக் கதவு, காற்று போகும், பூஞ்சை பிடிக்காது என்று தஹ்மீனா குழந்தைத் துணிகளை அதில் அடுக்கினாள். எதிரே ஸ்பிரிங் போட்ட தூளியில் ஹம்தான். சித்தீக் ஷார்ஜாவுக்குத் திரும்பினார். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் டெங்குவுக்காக வீடு வீடாகப் பார்க்கிற பெண்கள் வந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் இப்படித் தண்ணீர் தேங்க விடலாமா என்று சத்தம் போட்டார்கள். நியாயம்தானே? தஹ்மீனா பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுப் பீரோவைத் தூக்கவைத்து, நாலு கிண்ணத்தையும் கொட்டிக் கவிழ்த்தாள். நானாக இருந்தாலும் கொட்டியிருப்பேன்.

மறுநாள் காலை... ஹம்தான் பால் குடிக்கவில்லை.

அழவும் இல்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மத்தியானமும் அப்படியே. ராத்திரியும். அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. பிள்ளையோ கையைக் காலை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பம் விட்டான். பால் ஏப்பம்.

நாலாவது நாள் டாக்டரிடம் ஓடினார்கள். எடை போட்டுப் பார்த்தார், ஏறியிருந்தது. நன்றாகத்தானே குடிக்கிறான் என்று அனுப்பிவிட்டார்.

தஹ்மீனாவுக்குப் புரிந்துபோனது. மாமியார்! தனக்குத் தெரியாமல் புட்டிப்பால் கொடுக்கிறார். மாமியாரின் அறையைத் தேடினாள், தலையணைக்கு அடியில் கூடப் பார்த்தாள். புட்டி இல்லை, பாலாடை இல்லை. ஆனால் வீட்டில் எந்நேரமும் பால் அடிப்பிடித்த வாடை. அடுப்பில் பாலே இல்லாதபோதும். கமருன்னிஸா ஹுமைராவுக்குப் போன் போட்டு அழுதார். மருமகள்தான் திருட்டுத்தனமாகப் பவுடர் பால் கொடுத்துவிட்டுப் பழியைத் தன்மேல் போடுகிறாள் என்றார். ஹுமைரா என்னிடம் வந்து கேட்டாள். உண்மையைச் சொல்கிறேன், நானும் மாமியாரைத்தான் சந்தேகப்பட்டேன்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று தஹ்மீனா முடிவு செய்தாள். மத்தியான லுஹர் தொழுகை நேரம். குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, குளியலறைக் கதவு இடுக்கில் நின்றாள். அங்கிருந்து ஹாலும் தெரியும், மாமியாரின் அறையும் தெரியும்.

மாமியார் தொழுகை விரிப்பில் உட்கார்ந்திருந்தார். முதுகு இந்தப் பக்கம். அசையவில்லை.

டக்.

பீரோவின் கொண்டி.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை... அப்புறம் தூளியின் ஸ்பிரிங் கிரீச் என்று இழுபட்டது. மெல்ல மெல்ல இறங்கியது. குழந்தையின் கனத்துக்குத் தூளி தரையிலிருந்து மூன்றடி மேலே நிற்கும். இப்போது அரையடிக்கு வந்துவிட்டது. ஒரு பெரிய ஆள் அதன்மேல் கவிந்து சாய்ந்தால் எவ்வளவு இறங்குமோ, அவ்வளவு. அதற்குள்ளிருந்து... மொச்சு, மொச்சு என்று சத்தம். ஹம்தான் குடிக்கிற சத்தம். ஒரு தாய்க்கு அந்தச் சத்தம் தெரியாதா?

அவள் கத்திக்கொண்டே ஓடிவர, ஸ்பிரிங் துள்ளி மேலே போனது. தூளிக்குள் பிள்ளை மட்டும். கடைவாயில் பால் வழிந்துகொண்டிருந்தது. அவள் தூக்கியதும், அதுவரை அழாத பிள்ளை வீறிட்டு அழுதான். பயந்து அல்ல. பாதியில் பிடுங்கினால் அழுவானே, அந்த அழுகை.

கமருன்னிஸா காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே வந்தார். கிண்ணம் ஞாபகம் வந்தது அவருக்குத்தான். அக்கம்பக்கத்து ஆட்கள் பீரோவைத் தூக்க, மாமியாரும் மருமகளும் சேர்ந்து நாலு கிண்ணத்தையும் வைத்துத் தளும்பத் தளும்ப ஊற்றினார்கள். இத்தனை நாள் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள், கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். காலையில் ஹம்தானை மார்பில் வைத்தாள்.

முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்றைக்கே பீரோவை வண்டியில் ஏற்றிச் செல்லதுரையிடம் கொண்டுபோனார்கள். அவர் வண்டியை மில்லுக்குள் விடவில்லை. தஹ்மீனா நடந்ததைச் சொன்னாள். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மறுபடி தண்ணி ஊத்துனீங்களே... அப்பக் கதவு சாத்தியிருந்துச்சா, தொறந்திருந்துச்சா?"

தஹ்மீனா யோசித்தாள். ஒவ்வொரு ஸ்குரூவையும் பார்த்து வாங்கியவள். கொண்டி விழுந்த சத்தம் கேட்டவள். கதவைப் பார்த்த ஞாபகம் மட்டும் அவளுக்கு வரவில்லை.

செல்லதுரை வண்டியில் ஏறிக் கம்பி வலையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். இறங்கினார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இது இப்ப வெறும் பீரோதாங்க. நீங்களே வச்சுக்கலாம்."

விற்றுவிடலாமே என்கிறீர்களா? விற்றுவிட்டார்கள். அதனால் என்ன ஆகப்போகிறது? அந்த வீட்டைப் பூட்டிப் போட்டு, ஆறு மாதம் ஹுமைரா வீட்டில் வந்து இருந்தும் பார்த்தார்கள். இரண்டாம் நாளே ஹுமைரா வீட்டு அடுக்களையில் பால் அடிப்பிடித்த வாடை. தஹ்மீனாவுக்குப் பால் வற்றிப்போய்விட்டது. பிள்ளை கூழ் கொடுத்தால் துப்புகிறான், பழம் கொடுத்தால் துப்புகிறான். அவள் அவனை மடியை விட்டு இறக்குவதில்லை, ஆனால் மனுஷி எத்தனை மணி நேரம் கண் மூடாமல் இருப்பாள்?

போன மாதம் அங்கன்வாடியில் எடை போட்டார்கள். அந்த வட்டாரத்திலேயே ஹம்தான்தான் முதல். அங்கன்வாடி அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அங்கே உட்கார்ந்திருந்த தாய்மார்கள் எல்லோருக்கும் முன்னால் தஹ்மீனாவைக் கூப்பிட்டு நிறுத்தினாராம்.

"இவங்களப் பாருங்க. என்னம்மா குடுக்குறீங்க? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."